மழையோடு ஸ்மோக்கி மலைக்கு: இரண்டு பேர், ஒரு கார், ஒரு டென்ட்

கிரேட் ஸ்மோக்கி மவுண்டன்ஸ் தேசியப் பூங்காவுக்கு மூன்று நாள் போவதென்றால் ஒரு நாளாவது மழை வரும் என்று வைத்தே திட்டம் போட வேண்டும். டென்னசிக்கும் வட கரோலினாவுக்கும் நடுவே கிடக்கும் இந்த மலையில் பள்ளத்தாக்குகளில் ஆண்டுக்குச் சுமார் 55 அங்குலம், உச்சிகளில் 85 அங்குலம் மழை பெய்கிறது. செப்டம்பர், அக்டோபரில் கொஞ்சம் குறையும். ஆனால் அப்போது இலை நிறம் மாறுவதைப் பார்க்க வரும் கூட்டத்தில் கேம்ப் தளம் கிடைப்பது கஷ்டம். கோடையில் காலை வெயிலும் மதியம் இடிமழையும் வழக்கம். வசந்தத்தில் நாள் முழுக்க நசநசவென்று தூறும். மழையைத் தவிர்ப்பதைவிட மழையில் எப்படி இருப்பது என்று தெரிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். அட்லாண்டாவிலிருந்தோ ஷார்லட்டிலிருந்தோ நாலு மணி நேரத்துக்குள் வந்துவிடக்கூடிய இடம், அதனால் இந்த உழைப்பு வீண் போகாது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ளுங்கள்: நனையத்தான் போகிறீர்கள். நனையக் கூடாதவை இரண்டே இரண்டுதான். ஒன்று படுக்கை, இன்னொன்று இரவில் போட்டுக்கொள்ளும் உடுப்பு. இந்த இரண்டும் காய்ந்திருந்தால் மற்றதெல்லாம் சொட்டச் சொட்ட இருந்தாலும் மறுநாள் சிரித்துக்கொண்டு எழுந்திருப்பீர்கள். கீழே சொல்லும் ஒவ்வொன்றும் இந்த இரண்டைக் காப்பாற்றத்தான்.

கிளம்பும் முன்

கேம்ப் தளத்தை ரெக்ரியேஷன்.கவ் (recreation.gov) இணையதளத்தில் ஆறு மாதம் முன்பே பதிவு செய்யலாம். மழைக்கால முதல் பயணத்துக்கு எல்க்மாண்ட் அல்லது கேட்ஸ் கோவ் நல்லது. எல்க்மாண்ட் சுமார் 2,150 அடி உயரத்தில் இருக்கிறது, கேட்லின்பர்க் ஊரிலிருந்து எட்டு மைல். பால்சம் மவுண்டன் 5,310 அடி. அங்கே மழையோடு குளிரும் சேர்ந்துகொள்ளும், முதல் தடவைக்கு வேண்டாம். பூங்காவின் எந்த கேம்ப் தளத்திலும் குளியலறை கிடையாது. ஃப்ளஷ் கழிப்பறையும் குளிர்ந்த தண்ணீரும் உண்டு, அவ்வளவுதான். சுடுதண்ணீர்க் குளியல் இல்லாமல் முடியாது என்பவர்கள் பூங்காவுக்கு வெளியே உள்ள தனியார் தளங்களைப் பார்க்கலாம்.

தளத்தின் எண்ணைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் ஆற்றோரத் தளத்துக்குப் பறப்பார்கள். மழை நாளில் அது சரியான தேர்வல்ல. ஆற்றோரம் இரவில் ஈரப்பதம் கூடுதல், குளிர் தேங்கும், தண்ணீர்ச் சத்தத்தில் இடி முழக்கம் கூடக் காதில் விழாது. மேலே எங்கோ கொட்டிய மழை ஒரு மணி நேரத்தில் இங்கே ஆற்றை ஏற்றிவிடும். சாலையை ஒட்டி, கொஞ்சம் மேடாக, பக்கத்தில் பட்ட மரம் இல்லாத தளம் போதும். இங்கே ஹெம்லாக் மரங்கள் ஒரு பூச்சியின் தாக்குதலால் பெருமளவில் செத்து நிற்கின்றன. வேர் நனைந்த மண்ணில் காற்றடித்தால் முதலில் விழுவது அவைதான். டென்ட் போடும் முன் ஒரு தடவை அண்ணாந்து பாருங்கள்.

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆனால் 2023 மார்ச் 1 முதல் எங்கேயாவது 15 நிமிடத்துக்கு மேல் காரை நிறுத்தினால் பார்க்கிங் டேக் வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. நாட்டின் மற்ற பூங்காக்களுக்கு வாங்கி வைத்திருக்கும் 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' ஆண்டு பாஸ் இதற்குச் செல்லாது. அச்சடித்த டேக்கைக் கண்ணாடியில் வைக்க வேண்டும், போனில் காட்டினால் போதாது. உள்ளே பெட்ரோல் பங்க் எதுவும் கிடையாது. போன் சிக்னலும் பெரும்பாலான இடங்களில் வராது. ஆகவே கேட்லின்பர்க், டவுன்செண்ட், செரோக்கி, இந்த மூன்றில் நீங்கள் நுழையும் பக்கத்து ஊரில் டேங்கை நிரப்பி, வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி, பூங்கா இணையதளத்தில் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.

வானிலையை ஊர்ப் பெயர் போட்டுப் பார்த்தால் ஏமாறுவீர்கள். கேட்லின்பர்க் சுமார் 1,300 அடியில் இருக்கிறது. அங்கிருந்து மலையேறும் சாலையில் நியூஃபவுண்ட் கேப் கணவாய் 5,046 அடி. கீழுக்கும் உச்சிக்கும் 10 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் வரும். நேஷனல் வெதர் சர்வீஸ் இணையதளத்தில் வரைபடத்தின் மேல் சொடுக்கினால் அந்த இடத்துக்கும் அந்த உயரத்துக்குமான கணிப்பு வரும். கேம்ப் தளத்துக்கு ஒன்று, கணவாய்க்கு ஒன்று என்று இரண்டையும் பாருங்கள்.

என்ன எடுத்துக்கொள்வது

இரண்டு பேருக்கு நாலு பேர் டென்ட். 'இரண்டு பேர் டென்ட்' என்பது இரண்டு உடம்புகள் மட்டும் கிடக்கும் அளவு. அதில் படுத்தால் ஸ்லீப்பிங் பேக் சுவரில் உரசும், சுவரின் ஈரம் முழுக்க அதில் இறங்கும். ரெயின்ஃப்ளை, அதாவது மேல்விரிப்பு, கிட்டத்தட்ட தரைவரை வர வேண்டும். உச்சியில் மட்டும் தொப்பி மாதிரி நிற்கும் மலிவு டென்ட்கள் வெயிலுக்குத்தான் ஆகும். பழைய டென்ட்டாக இருந்தால் தையல் ஓரத்து நாடா உரிந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்து, துணிக்கு ஏற்ற சீலர், அதாவது நீர் புகாமல் அடைக்கும் பசை, பூசி ஒரு நாள் காயவிடுங்கள். சிலிக்கான் பூசிய துணிக்குச் சிலிக்கான் சீலர், பாலியூரிதேன் பூசியதற்கு பாலியூரிதேன் சீலர். மாற்றிப் பூசினால் ஒட்டாது.

தனியாக 10-க்கு 12 அடி தார்ப்பாய் ஒன்று, எட்டு அடிக்கு நீளும் கம்பம் இரண்டு, 50 அடி கயிறு இரண்டு கட்டு, பத்து அங்குல இரும்பு முளை எட்டு. டென்ட்டோடு வரும் மெல்லிய அலுமினிய முளை சரளையில் வளையும், சேற்றில் பிடிக்காது. கட்டட வேலைக்குப் பயன்படும் தடித்த, பெரிய கான்ட்ராக்டர் குப்பைப் பை நாலு. பெரிய ஸ்பாஞ்ச் ஒன்று; டென்ட்டுக்குள் வரும் தண்ணீரை ஒற்றி எடுக்கத் துண்டைவிட இதுதான் வேலை செய்யும். ஆளுக்கொரு ஹெட்லேம்ப்.

உடுப்பில் ஒரே விதி: நடக்கும்போது பருத்தி வேண்டாம், ஜீன்ஸ் அறவே வேண்டாம். நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 50 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 10 டிகிரி செல்சியஸில், காற்றும் இருந்தால் நடுக்கம் கண்டுவிடும். பாலியெஸ்டரோ கம்பளியோ போட்டு, மேலே மழைச்சட்டை, மழைப் பேன்ட். தலைவழியே போர்த்திக்கொள்ளும் போஞ்சோ காட்டு வழியில் கிளையில் மாட்டும். தளத்துக்குள் காருக்கும் மேசைக்கும் நடக்க நம்ம ஊர்க் குடைக்கு ஈடில்லை. லுங்கியும் ஒன்று இருக்கட்டும், மேலே சுற்றிக்கொண்டு ஈர உடுப்பை மாற்றுவதற்கு.

இரவு உடுப்பு ஆளுக்கொரு செட்: முழுக்கை பனியன், பேன்ட், கம்பளி சாக்ஸ். இதை ஸ்லீப்பிங் பேக்கோடு ஒரே நீர்புகாப் பையில் கட்டுங்கள். டென்ட்டுக்குள் போன பிறகுதான் அந்தப் பை திறக்கும். பகல் உடுப்பு நனைந்துபோச்சு என்று இதை எடுத்துப் போட்டுக்கொண்டு வெளியே போகக் கூடாது. சண்டை வந்தாலும் பரவாயில்லை, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்லீப்பிங் பேக் செயற்கை நாரில் ஆனதாக இருக்கட்டும். வாத்திறகு நனைந்தால் கட்டிபட்டுச் சூடு தராது. இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிப் படுக்க நினைத்தால் ஒன்று இடப்பக்க ஜிப், மற்றது வலப்பக்க ஜிப், ஜிப் அளவும் ஒன்று என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் ஒரே பக்க ஜிப் என்றால் ஒருவர் முகம் உள்ளே போய்விடும். அடியில் காற்று மெத்தையோ நுரைப் பாயோ கட்டாயம். தரைதான் குளிரை ஏற்றும்.

மலைச்சாலை

செரோக்கிக்கும் கேட்லின்பர்க்குக்கும் நடுவே நியூஃபவுண்ட் கேப் சாலை சுமார் 30 மைல். வறண்ட நாளில் ஒரு மணி நேரம், மழையிலும் மூடுபனியிலும் ஒன்றரை என்று வையுங்கள். டயர் பள்ளம் சட்டப்படி ஓர் அங்குலத்தில் 32-ல் 2 பங்கு இருந்தால் போதும். ஆனால் தேங்கிய நீரில் பிடிப்பு வேண்டுமென்றால் 4 பங்கு வேண்டும். 25 சென்ட் நாணயத்தைத் தலைகீழாகப் பள்ளத்தில் வையுங்கள். வாஷிங்டனின் தலை முழுக்கத் தெரிந்தால் டயரை மாற்றிவிட்டுக் கிளம்புங்கள்.

இறங்கும்போது பிரேக்கை அழுத்திக்கொண்டே வராதீர்கள். ஆட்டோமேட்டிக் காரிலும் கியரை 'எல்' அல்லது '2'-க்குக் குறைத்து எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுங்கள். தொடர்ந்து அழுத்தினால் பிரேக் சூடாகிப் பிடிப்பு குறையும், கருகிய வாசம் வரும். வந்தால் ஓரிடத்தில் ஒதுங்கிப் பதினைந்து நிமிடம் ஆறவிடுங்கள். மூடுபனியில் லோ பீம் மட்டும். ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மழையில் ஹெட்லைட் போடுவது இரண்டு மாநிலத்திலும் சட்டம்.

கார்க் கண்ணாடி உள்ளே புகைந்தால் காரணம் உங்கள் ஈர உடுப்பு. ஏசியையும் ஹீட்டரையும் சேர்த்துப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும் பொத்தானை அழுத்துங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் ஈரம் வெளியே போக வழியே இல்லை. ஈரச் சட்டையையும் ஷூவையும் கான்ட்ராக்டர் பையில் கட்டி டிக்கியில் போட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

சாலையில் தண்ணீர் ஓடினால் ஆழத்தை ஊகிக்க வேண்டாம், திரும்பிவிடுங்கள். ஓடும் நீர் 12 அங்குலம் இருந்தால் சின்னக் காரைத் தூக்கிவிடும். ஆறே அங்குலம் ஆளைத் தள்ளும்.

உள் ஆள், வெளி ஆள்

இரண்டு பேர் செய்யும் பெரிய தப்பு, மழையில் இரண்டு பேருமே எல்லாவற்றையும் செய்வது. இருவரும் பாதி நனைவார்கள், இருவரும் டென்ட்டுக்குள் தண்ணீர் கொண்டுவருவார்கள், காய்ந்த கை ஒன்றுகூட மிச்சம் இருக்காது. அதைவிட ஒருவர் முழுசாக நனைந்து மற்றவர் காய்ந்தே இருப்பது எவ்வளவோ மேல். காரை நிறுத்தியதும், கதவைத் திறக்கும் முன், இன்றைக்கு யார் வெளி ஆள் என்று முடிவு செய்யுங்கள். நாளைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

மழை ரேடாரைக் கேட்லின்பர்க்கிலேயே போனில் பார்த்திருந்தால் தெரியும்: கோடை இடிமழை பெரும்பாலும் அரை மணியில் நகர்ந்துவிடும். கொட்டும்போது காரிலேயே உட்கார்ந்திருங்கள். தூறலுக்கு இறங்கியதும் முதல் வேலை தார்ப்பாய், டென்ட் அல்ல. இந்தக் கட்டத்துக்கு மட்டும் நாலு கை வேண்டும், இருவரும் மழைச்சட்டையோடு இறங்குங்கள். சாப்பாட்டு மேசை ஒரு முனையில் அடங்கும்படி விரித்து, காற்று வரும் பக்கத்து ஓரத்தை நாலு அடி உயரத்தில் தாழ்த்தி, எதிர்ப்பக்கம் கம்பங்களில் ஏழு அடிக்கு உயர்த்துங்கள். கம்பம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கயிறு, நாற்பத்தைந்து பாகை விரிவில். தாழ்ந்த ஓரத்தின் ஒரு மூலையை இன்னும் ஒரு சாண் கீழே இறக்குங்கள். இந்த ஒரு சாண்தான் எல்லாத் தண்ணீரையும் அந்த மூலை வழியாக வடிக்கும். இறக்காவிட்டால் நடுவில் குளம் கட்டும், அரை மணியில் அந்த எடைக்குக் கம்பம் சாயும். மரத்தில் கட்ட வேண்டியிருந்தால் பட்டையான நாடா போடுங்கள், ஆணி கூடவே கூடாது. கேம்ப்ஃபயர் வளையம் தார்ப்பாய்க்கு வெளியே இருக்கட்டும்.

அடுத்து டென்ட். தானாக நிற்கும் வகை டென்ட்டை மேசைக்குப் பக்கத்தில், தார்ப்பாயின் அடியிலேயே கம்பி கோத்து நிறுத்திவிடலாம். துணி விரிந்ததுமே ரெயின்ஃப்ளையை மேலே போட்டுவிட்டால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியும் நனையாது. பிறகு ஆளுக்கொரு பக்கம் கம்பியைப் பிடித்து முழு டென்ட்டையும் தூக்கிக்கொண்டு போய்ச் சமதளத்தில் வைத்து மூலைகளில் முளை அடியுங்கள். வலையான உள் டென்ட் மழையில் திறந்து கிடக்கும் நேரம் இப்படிச் சுத்தமாகத் தவிர்க்கப்படும்.

தரைக்கு அடியில் போடும் விரிப்பு டென்ட்டின் அடிப்பகுதியைவிட எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று அங்குலம் உள்வாங்கியே இருக்க வேண்டும். ஒரு விரல் வெளியே நீண்டாலும் ரெயின்ஃப்ளையில் வழியும் தண்ணீர் அதில் விழுந்து நேராக உங்கள் முதுகுக்கு அடியில் போய்த் தங்கும். 'டென்ட் ஒழுகுது' என்று கடையில் திருப்பிக் கொடுக்கும் பாதிப்பேர் டென்ட்டில் ஓட்டையே இருக்காது, இந்த விரிப்புதான் காரணம்.

முளை அடித்ததும் வேலை பிரியும். உள் ஆள் வாசலில் ஷூவையும் மழைச்சட்டையையும் கழற்றிவிட்டு உள்ளே போய், ஸ்பாஞ்சால் தரையை ஒற்றிப் பிழிந்து, பிறகு மெத்தை விரிப்பார். வெளி ஆள் காரிலிருந்து ஒவ்வொரு பையாகக் கொண்டுவந்து வாசலில் நீட்டுவார், உள்ளே கால் வைக்க மாட்டார். எல்லாம் முடிந்த பிறகு வெளி ஆள் மேசைப் பக்கம் தார்ப்பாயின் கீழ் உடம்பைத் துடைத்து, லுங்கி சுற்றி உடுப்பு மாற்றிக்கொண்டு உள்ளே வரலாம்.

படுக்கும் முன் இழுகயிறுகளை ஒரு தடவை இறுக்குங்கள். நைலான் துணி நனைந்தால் தளரும், தளர்ந்த ரெயின்ஃப்ளை உள் டென்ட்டைத் தொடும், தொட்ட இடத்தில் ஈரம் இறங்கும். பாலியெஸ்டரில் இந்தத் தொல்லை குறைவு. காலையில் உள்சுவர் நனைந்திருந்தால் அது மழை அல்ல, உங்கள் மூச்சு. இரண்டு பேரின் மூச்சும் வியர்வையும் சேர்ந்தால் ஒரே இரவில் அரை லிட்டர் ஈரம் வந்துவிடும். குளிருது என்று காற்றுத் துளைகளை அடைத்தால் அது அத்தனையும் உள்ளேயே குளிர்ந்து சொட்டும். மேல் துளைகளைத் திறந்தே வையுங்கள், வாசல் ஜிப்பையும் மேலே ஒரு சாண் விட்டுவிடுங்கள்.

இடி கேட்டால் டென்ட்டும் தார்ப்பாயும் பாதுகாப்பு அல்ல, கார்தான். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை உள்ளேயே இருங்கள்.

சமையலும் கரடியும்

இந்தப் பூங்காவில் கருங்கரடிகள் நிறைய, அவற்றுக்கு மோப்பமும் நிறைய. சாப்பாடு, கூலர், ஸ்டவ், குப்பை, பற்பசை, சோப்பு, தேங்காய் எண்ணெய், ஊறுகாய், மிளகாய்ப் பொடி, எதுவும் டென்ட்டுக்குள் வரக் கூடாது. சமைக்கும் நேரம் தவிர எல்லாம் காருக்குள், கண்ணாடி ஏற்றி, கதவு பூட்டி. வெறுமனே சாத்தினால் போதாது, கைப்பிடியை இழுத்துத் திறக்கும் கரடிகள் உண்டு. மழை பெய்யும்போது 'காலையில் எடுத்து வைத்துக்கலாம்' என்று தோன்றும். வேண்டாம். கரடியிடமிருந்து எப்போதும் குறைந்தது 50 கஜம் தள்ளியே இருக்க வேண்டும் என்பது பூங்கா விதி.

ஸ்டவ்வை டென்ட்டுக்குள்ளோ வாசல் மூடாப்புக்குள்ளோ பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. தார்ப்பாயின் கீழ், திறந்த பக்கமாக வையுங்கள். புரோபேன் ஸ்டவ்தான் இங்கே சரி. பியூட்டேன் உறைநிலையை நெருங்கும்போது ஆவியாகவே சோம்பும், குளிர்ந்த காலையில் நீலச் சுடர் வாடிப்போகும். 16 அவுன்ஸ் புரோபேன் சிலிண்டர், 10,000 பிடியு (வெப்பத்தின் அளவு) அடுப்பில் முழுச்சுடரில் சுமார் இரண்டு மணி நேரம் வரும். இரண்டு இரவுக்கு ஒன்று போதும், கூட ஒன்று இருக்கட்டும்.

மழையில் அரிசி வடிப்பது நேரத்துக்கும் எரிவாயுவுக்கும் தண்டம். கெட்டி அவல் ஒரு கப்பை அலசிப் பிழிந்து ஐந்து நிமிடம் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிக்காய்ச்சல் இரண்டு மேசைக்கரண்டி பிசைந்தால் அடுப்பே வேண்டாம். காலைக்கு உப்புமா: வீட்டிலேயே நெய்யில் கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை, வரமிளகாய் தாளித்து ரவையையும் வறுத்து உப்புச் சேர்த்து டப்பாவில் அடைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் இரண்டரை கப் தண்ணீர் கொதித்ததும் ஒரு கப் கலவையைக் கொட்டிக் கிளறினால் ஐந்தாறு நிமிடத்தில் தயார். பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தளத்தில் ஊற்றாமல் கழிவுநீருக்கென்று உள்ள தொட்டியில் ஊற்றுங்கள்.

விறகு வெளியூரிலிருந்து கொண்டுவர முடியாது. மரத்தைத் தின்னும் பூச்சி கூடவே வந்துவிடும் என்பதால், வெப்பமூட்டியதற்குச் சான்று முத்திரை உள்ள கட்டுக்கு மட்டுமே அனுமதி. மழையில் தீ மூட்டுவது பொழுதுபோக்கு என்று நினையுங்கள், சமையலுக்கு அதை நம்பாதீர்கள்.

பகலில் என்ன செய்வது

நடையைக் காலையில் தொடங்கி மதியம் ஒரு மணிக்குள் முடியுங்கள். எல்க்மாண்டிலிருந்து கிளம்பும் லிட்டில் ரிவர் பாதை மழைக்கென்றே அமைந்தது மாதிரி: பழைய ரயில் தடத்தின் மேல் போவதால் ஏற்றம் மெதுவாக இருக்கும், கூடவே ஆறு. அருவிகளில் தண்ணீர் நிறைந்திருக்கும், ஆனால் பாறையில் ஏறவே வேண்டாம். போகும்போது கணுக்கால் அளவு இருந்த ஓடை திரும்பும்போது இடுப்பளவு ஆகலாம். முழங்காலுக்கு மேல் ஓடினால் கடக்காமல் வடியும்வரை காத்திருங்கள்.

6,643 அடி குவோஹி உச்சிக்கு மேகம் மூடிய நாளில் போனால் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியாது. அந்த நேரத்தை கேட்ஸ் கோவின் 11 மைல் ஒருவழிச் சுற்றில் செலவிடலாம். தூறலில் மான்கள் புல்வெளிக்கு வரும், கார்க் கூட்டமும் குறைவு. மே தொடக்கம் முதல் செப்டம்பர் கடைசிவரை புதன்கிழமைகளில் அங்கே கார்களுக்கு அனுமதியில்லை. செரோக்கி பக்கம் இருந்தால் 1886-ல் கட்டிய மிங்கஸ் மாவு மில்லைப் பார்க்கலாம்.

கிளம்பும்போது

போட்டதற்குக் கிட்டத்தட்ட எதிர் வரிசை. உள் ஆள் படுக்கையையும் இரவு உடுப்பையும் டென்ட்டுக்குள்ளேயே கட்டி முடிப்பார். பிறகு உள் டென்ட், அடுத்து ரெயின்ஃப்ளை, கடைசியாக தார்ப்பாய். ஈர ரெயின்ஃப்ளையை உதறித் தனிக் குப்பைப் பையில் போடுங்கள், உள் டென்ட்டோடு சேர்த்துச் சுருட்டாதீர்கள். இன்னோர் இரவு வேறு தளத்தில் தங்குவதாக இருந்தால் டிக்கியில் தார்ப்பாய்தான் எல்லாவற்றுக்கும் மேலே இருக்க வேண்டும்.

வீடு வந்த அன்றே டென்ட்டை விரித்துவிடுங்கள். பால்கனி இல்லாத அபார்ட்மென்ட் என்றால் குளியலறைக் கம்பியில் ரெயின்ஃப்ளை, சாப்பாட்டு நாற்காலிகளின் மேல் உள் டென்ட், ஒரு மின்விசிறி. இரண்டு நாள் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும், அந்தக் கறை போகவே போகாது. சலவை இயந்திரத்தின் டிரையரில் போடாதீர்கள், சூட்டில் பூச்சு உரியும். பலகாலம் ஈரத்தில் கிடந்த பாலியூரிதேன் பூச்சு பிசுபிசுவென்று ஒட்ட ஆரம்பித்து ஒரு புளித்த வாடையும் வந்தால் அந்த டென்ட்டின் கதை முடிந்தது. சீலர் பூசிப் பயனில்லை.